திருப்பதிக்கு மிக அருகில்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயர் சொல்ல மாட்டேன். "சார், உங்க லாட்ஜ் வெப்சைட்டை முப்பதே நாள்ல தேடுபொறியோட முதல் பக்கத்துக்குக் கொண்டாந்துடறோம்" என்றார். லாட்ஜ் என்னுடையது இல்லை, அதற்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் மட்டும்தான் நான், தொழிலை விட்டு மூன்று வருடம் ஆகிறது, இன்றைய தேதியில் முழங்கால் வலியைத் தவிர என் பெயரில் வேறு சொத்து கிடையாது என்று பொறுமையாகவே விளக்கினேன். வெப்சைட்டின் அடியில் கிடக்கும் என் நம்பரை எடுக்க மறந்தவனும் நானே என்பதால் கொஞ்சம் அடக்கமாகவும் பேசினேன். அவர் விடவில்லை. "ஒரே ஒரு மாத்தம் சார். தலைப்புல 'திருப்பதி அருகில்'னு சேர்த்துடுங்க. கூட்டம் அள்ளும்."

அதற்குப் பிறகு நான் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. சமையலறையில் இருந்த என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடி வந்தாள். அந்தத் தம்பி பயந்து போனை வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஏன் கத்தினேன் என்பதை அவருக்கும், வெப்சைட்டைத் தேடலில் மேலே ஏற்றும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அந்த 'திருப்பதி அருகில்' என்ற யோசனை அவருடையது இல்லை. என்னுடையது. அவருக்கு முன்னால் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்து முடித்த மகா அறிவாளி நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று மூடு இருந்தால் வேலை செய்யும். பரீட்சை முடிவு பார்க்க வருபவர்களும், துபாயில் இருக்கும் வீட்டுக்காரருக்கு மெயில் அனுப்ப வருபவர்களும்தான் வாடிக்கையாளர்கள். கொஞ்ச நாளில் நானே புத்தகம் பார்த்து வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பது என் வாக்குமூலம். என் முதல் வெப்சைட்டில் மயில் ஒன்று திரையின் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும்; படிக்க வந்தவர் மயிலைத் துரத்திக்கொண்டே களைத்துப்போவார்.

என் கடைக்கு எதிரில் ஒரு லாட்ஜ். ஓனர் தெலுங்கு பேசும் பெரியவர். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். ரிசப்ஷனில் வசந்தா என்ற பெண்மணி, நாற்பது வயதிருக்கும், போனை எடுத்தால் தமிழ், தெலுங்கு, உடைந்த இந்தி என்று மூன்றிலும் சளைக்காமல் பதில் சொல்வார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் நைனா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா கம்ப்யூட்டரு, வெளியூர்க்காரன்லாம் இன்டர்நெட்ல பாத்துட்டு ரூம் போட்டுகினு வர்றானாமே. நம்ம லாட்ஜு அதுல வருதா?"

"வரும் நைனா. நான் செஞ்சு குடுத்த வெப்சைட்டு, தேடினா எட்டாவது பக்கத்துல வரும்."

"எட்டாவது பக்கம் வரைக்கும் எவன் பொரட்டுவான்? மொத பக்கத்துல போடு."

இப்போது நம் ஊர்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ரயிலில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் திருத்தணி என்போம். அவர் முழித்தால் உடனே, "திருப்பதி பக்கத்துல" என்று சேர்த்துக்கொள்வோம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பிக்கை. நான் பிறந்ததிலிருந்து சொல்லிவந்த வார்த்தை அது. அதனால் அதைப் பொய் என்று நினைக்கத் தோன்றவே இல்லை. இந்தியா முழுக்க மக்கள் எதைத் தேடுகிறார்கள்? திருப்பதி. நாம் எங்கே இருக்கிறோம்? திருப்பதி பக்கத்தில். முடிந்தது. தலைப்பில், 'திருப்பதிக்கு மிக அருகில், கோயிலிலிருந்து ஐந்து நிமிடம்' என்று எழுதினேன். பாதி திருப்பதி, பாதி திருத்தணி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தப்பில்லாத மாதிரித்தான் இருந்தது. சேர்த்துப் படித்தால் என்ன அர்த்தம் வரும் என்று யோசிக்க வேண்டிய மூளையை, வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தாகத் திருப்பதி, திருப்பதி என்று நூறு தடவை ஒளித்து வைப்பதில் செலவழித்துவிட்டேன். அந்தக் காலத்தில் தேடுபொறிகள் ரொம்ப வெகுளி. கத்திச் சொன்னால் நம்பிவிடும்.

இரண்டே மாதத்தில் முதல் பக்கம். அதிலும் இரண்டாவது இடம். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, என் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். பிள்ளையின் மார்க்‌ஷீட்டைக்கூட யாரும் அப்படி ஒட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு வசந்தா எதிர்ப்பக்கத்திலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். "அண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இவங்க கோயிலுக்கு நடந்து போக வழி கேக்கறாங்க. நான் மலையைக் காட்டறேன், அவங்க ஒரு சீட்டைக் காட்டறாங்க."

ஹாலில் மூன்று பேர் குளித்து, பட்டு உடுத்தி, பூ வைத்துக் கிளம்பத் தயாராக நின்றார்கள். ஒரு பெரியவர், அவர் மனைவி, முப்பது வயது மகள். சோலாப்பூரில் தலைமுறையாக நெசவுத் தொழில் செய்யும் தெலுங்குக் குடும்பம். அவர்கள் பேசிய தெலுங்கில் மராத்தி வாசம். பெரியவர் வாசல் வழியாக எங்கள் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏழு மலைன்னாங்க. ஒண்ணுதானே தெரியுது. மீதி ஆறு எங்கே?"

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. மகள் சீட்டை நீட்டினாள். திருமலையில் அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குக் கல்யாண உற்சவம். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய சேவைச் சீட்டு. பத்து மணிக்கெல்லாம் மலைமேல் வரிசையில் நின்றாக வேண்டும். பெருமாள் அங்கே, இவர்கள் இங்கே. நடுவில் பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம், அதற்குமேல் மலைப்பாதை.

"கோயிலிலிருந்து ஐந்து நிமிடம்னு போட்டிருந்ததே" என்றாள் மகள். சோலாப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவள்தான் ரூம் பதிவு செய்திருந்தாள். "அரக்கோணத்துல இறங்குங்கன்னு உங்க மெயில்தான் வந்தது. ரேணிகுண்டாவுல ரயில் நின்னப்போ எல்லாரும் இறங்கினாங்க. அம்மாகூட, நாமளும் இறங்கலாமான்னு கேட்டா. நான்தான் வேணாம்னேன்."

திருப்பதிக்குப் போகிற எவரும் இறங்கும் ஸ்டேஷன் ரேணிகுண்டா. அங்கே இறங்காமல், எங்கள் ஊர் ஸ்டேஷனையும் நிற்காமல் தாண்டி, அரக்கோணத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். என் எழுத்தை நம்பி.

அம்மா மகளின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன். அவர் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. குரல் வரும் பக்கமாக முகத்தைத் திருப்பினார். பெரியவர் சொன்னார்: "கண்ணு போய்க்கினே இருக்குது. தூரத்துல இருக்கறது எதுவும் தெரியாது. கிட்ட இருந்தா தெரியும். அடுத்த வருஷம் அதுவும் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்தச் சேவையில பக்கத்துல உட்கார வைப்பாங்க. அதுக்குத்தான் வந்தோம்."

மாடியிலிருந்து நைனா இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டவர் சட்டையே செய்யவில்லை. "இங்கயும் சாமிதானே இருக்குது? ரூமு போட்டாச்சில்ல, முருகனைப் பாத்துட்டுப் போகட்டும்."

"மாமா, அவங்க அம்மாவுக்குக் கண்ணு..." என்றார் வசந்தா. அவர் நைனாவுக்குத் தூரத்து உறவு.

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? நானா எழுதினேன்?"

இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. அவர் எழுதவில்லை.

டாக்சி ஸ்டாண்டிலிருந்து ஒரு அம்பாசிடரைக் கூப்பிட்டு வந்தேன். எட்டே முக்கால். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். நகரி தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. பெட்டிகளை எண்ணினேன், நாற்பதுக்கு மேல் எண்ண மனமில்லை. பின்சீட்டிலிருந்து பெரியவர் அமைதியாகக் கேட்டார்:

"அந்த 'மிக அருகில்'னு எழுதினது யாருப்பா?"

நன்றாகக் கவனியுங்கள் தம்பிகளே. தொழிலில் உண்மையான பரீட்சை இந்த மாதிரி கேட் மூடிய இடத்தில்தான் வரும். கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்காது, யோசிக்க நேரம் இருக்காது. நான் சொன்ன பதில்: "மெட்ராஸ்ல ஒரு கம்பெனிங்க. அவங்கதான் எல்லாம் எழுதிக் கொடுத்தாங்க."

கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னேன். டிரைவர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் கடைக் கண்ணாடியில் ஒட்டிய முதல் பக்கத்தை அவரும் பார்த்தவர்தானே. அவரிடமே எத்தனை தடவை காட்டியிருப்பேன்!

மலையேறி, சோதனையெல்லாம் முடிந்து, சேவை நுழைவாயிலுக்கு அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். கதவைச் சாத்திவிட்டார்கள். அங்கே நின்றவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "நேரம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சுங்க. இனிமே திறக்க முடியாது."

பெரியவர் கெஞ்சவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்தார். நான்தான் கெஞ்சினேன். "சார், இவங்க மேல தப்பே இல்ல சார். நான்தான் வெப்சைட்டுல தப்பா எழுதிட்டேன். என்னாலதான் லேட்டு. அந்த அம்மாவுக்கு மட்டுமாவது..." கைகூப்பிக்கொண்டு தெலுங்கிலும் தமிழிலுமாக உளறினேன். கதவு திறக்கவில்லை. நேரத்துக்கு வந்து உள்ளே உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர் செய்ததுதான் சரி.

திரும்பினேன். பெரியவர் என் பின்னால் நின்றிருந்தார்.

"மெட்ராஸ் கம்பெனின்னு சொன்னியே."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுவும் உன் எழுத்துதானா?"

திட்டியிருந்தால் பரவாயில்லை. நைனாவிடம் திட்டு வாங்கி வாங்கி எனக்குத் தோல் தடித்திருந்தது. இவர் கேள்விதான் கேட்டார்.

இலவச தரிசன வரிசையில் நிற்பதாக அவர்களே முடிவு செய்தார்கள். எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. வரிசைக்குள் நுழையும் இடத்தில் அந்த அம்மா என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நீ உள்ள போயிருக்கியாப்பா?"

"போயிருக்கேம்மா."

"சாமிகிட்டேந்து எவ்ளோ தூரத்துல நிக்க விடுவாங்க?"

அருகில்தாம்மா என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. பழக்கம். ஆறுதலாகவும் இருக்கும். அவருக்கும், எனக்கும்.

"தூரம்தாம்மா" என்றேன். "நிக்கவும் விட மாட்டாங்க. தள்ளிக்கினே இருப்பாங்க."

"சரி, அப்ப நான் வாசப்படிகிட்டயே கண்ணை நல்லா தொடச்சிக்கறேன்" என்று சொல்லி, மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் என்ன பார்த்தார், பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியவரும் அம்மாவும் திரும்ப லாட்ஜுக்கு வரவில்லை. மறுநாள் மாலை மகள் மட்டும் பஸ்ஸில் வந்து, வசந்தாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பைகளை எடுத்துப்போனாள். என் கடைப்பக்கம் திரும்பவே இல்லை.

அன்று இரவே கண்ணாடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்தேன். பசை போகவே இல்லை. கடையைக் காலி செய்யும் வரை அந்த நாலு மூலை கறையும் இருந்தது. தலைப்பிலிருந்து திருப்பதியை எடுத்தேன், வெள்ளை எழுத்து நூறையும் அழித்தேன். நைனாவுக்கு மூக்கு மேல் கோபம்.

"யாரைக் கேட்டு எடுத்தே? ரூமு நெறஞ்சிகினு இருந்துதே!"

"ஏமாந்தவங்களாலதான் நைனா நெறஞ்சுது."

"வந்தவன் எவனாவது என்னைத் திட்டினானா?"

"எல்லாரும் போகும்போது திட்டினாங்க மாமா" என்றார் வசந்தா, தலையை நிமிர்த்தாமல். "நீங்க மாடியில இருப்பீங்க. நான்தான் வாங்கிகினு இருந்தேன்." டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டார்.

அந்த நோட்டுதான் நான் இந்தத் தொழிலில் படித்த ஒரே பாடப்புத்தகம். போன் செய்பவர்கள் கேட்பதையெல்லாம் வசந்தா அதில் வரி வரியாகக் குறித்து வைத்திருந்தார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பதில் தெரியாத கேள்விக்கு யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளத்தான். 'மொட்டை போட்டுட்டு வந்தா வெந்நீர் கிடைக்குமா? கார் மலைமேல போகுமா, படி ஏறித்தான் ஆகணுமா? காவடியை ரூமுக்குள்ள வைக்க விடுவீங்களா? ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? குழந்தைக்குப் பால் காய்ச்சித் தருவீங்களா?' நடுவில், சிவப்பு மையில், பல பக்கங்களில் ஒரே கேள்வி: 'இது திருப்பதியா?' அந்தச் சிவப்பு வரி முழுக்க என் கைவண்ணம்.

நைனா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. வேலையை மெட்ராஸில் ஒரு கம்பெனிக்கே கொடுத்துவிடப் போவதாகவும் மிரட்டினார். ஒருவிதத்தில், காரில் என் கற்பனையில் உதித்த அந்தக் கம்பெனி எனக்குப் போட்டியாகவே வந்துவிட்டது. லாட்ஜ் தேடுபொறியில் எங்கேயோ பாதாளத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் எழுதினேன். வசந்தா நோட்டில் இருந்த கேள்விகளை அப்படியே, கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே நேரான பதில். வெந்நீர் காலை எட்டு வரைதான் என்றால் எட்டு வரைதான். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஹெச் எங்கே போடுவது என்று ஊரே நாலு கட்சியாக இருக்கிறது. எது சரி என்று பஞ்சாயத்து பண்ணாமல், நாலு விதமாகவும் தேடுவார்கள் என்று, கண்ணுக்குத் தெரியும்படியே நாலையும் ஒரு வரியில் எழுதினேன். ஒளிக்க வேண்டியிருக்கிற எதையும் எழுதாதீர்கள். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த மொத்த ரகசியமும் அவ்வளவுதான். நீங்கள் வகுப்புக்குப் போய் ஆறு மாதம் கற்பதில் மிச்சமெல்லாம் இதற்குப் பொழிப்புரை.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக இதைப் போட்டேன்: 'இந்த லாட்ஜ் திருப்பதியில் இல்லை. திருத்தணியில் இருக்கிறது. இங்கிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம், மலைமேல் போக இன்னும் ஒரு மணி நேரம். திருமலைச் சேவைக்குப் போகிறவர்கள் ரேணிகுண்டாவில் இறங்குங்கள்.'

வாடிக்கையாளரை வேறு ஊருக்கு அனுப்பி வைக்கும் லாட்ஜ் விளம்பரம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வருடம்போல எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் மேலே வந்தது. இரண்டு கோயிலையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைக்கிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு, முதல் நாள் திருமலை, மறுநாள் திருத்தணி என்று கணக்குப் போட்டு வந்தார்கள். வசந்தாவின் நோட்டில் சிவப்பு மை குறைந்தது. நைனா என்ன சொன்னார் தெரியுமா? "நான் அப்பவே சொன்னேன்ல, திருப்பதின்னு போடுன்னு!" இந்தக் கோபமும் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் இதையும் நானே சுமக்கிறேன்.

உங்களுக்குச் சொல்கிறேன். திரையில் நீங்கள் பார்ப்பது வருகை எண்ணிக்கை. அந்த எண்ணில் ஒவ்வொன்றும் பட்டு உடுத்தி, பூ வைத்து, வாசலில் நின்று வழி கேட்கப்போகிற ஆள். சோலாப்பூர் குடும்பம் என் கணக்கில் ஒரே ஒரு கிளிக். அந்த மாதம் நான் நைனாவிடம் பெருமையாகக் காட்டிய கணக்குத் தாளில் அதுவும் ஏறியிருந்தது, வெற்றியாக.

போன் செய்த தம்பியைப் பற்றி ஒன்று மறைத்துவிட்டேன். நான் கத்தியதும் அவர் உடனே போனை வைக்கவில்லை. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், பாவம், சமாதானமாகத்தான் கேட்டார்: "கோவப்படாதீங்க சார். திருத்தணி எங்க இருக்குன்னே வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது சார். திருப்பதி பக்கத்துலதானே இருக்கு?"

பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், "ஆங்" என்று வாய் வரைக்கும் வந்தது.

"இல்லப்பா" என்றேன். "தூரம்."